மூன்று நாள் படகு இறங்கவில்லை, நைனா

என் ஆசை நைனாவுக்கு,

நீ குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்கப்போகும் முதல் கடிதம் இது. 'நீங்கள்' போட்டு எழுதலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பத்திரிகையில் வரப்போகிறது, நாலு பேர் படிப்பார்கள். உடனே உன் குரல் காதில் விழுந்தது: "பெத்தவனுக்கு இன்னாத்துக்கு இம்மாம் மரியாத? வாயில நீன்னு வர்றத பேனாவுல ஏன் மாத்துற?" சரி, நீ என்றே எழுதுகிறேன்.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. இந்த நாலு மாதமும் உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் திரிந்துகொண்டிருக்கிறேன். நீ எழுதிக் கையெழுத்துப் போட்டு என் கையில் கொடுத்ததை நான் செய்யவில்லை நைனா. என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாய், நானும் தலையை ஆட்டினேன். ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. உனக்கு மட்டும் சொல்லாமல் இருப்பது என்ன நியாயம்?

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீன்பிடிக் குப்பத்தில் பிறந்தாய். இருபது வயதில் சோசலிஸ்ட் கட்சியில் சேர்ந்தாய். அந்தக் கட்சி எத்தனை தடவை உடைந்தது என்று உனக்கே மறந்து போயிருக்கும். உடையும்போதெல்லாம் எது சின்னத் துண்டோ அதில்தான் நீ இருப்பாய். "இன்னிக்கு எந்தக் கட்சியா?" என்று அம்மா, இருந்தவரைக்கும், சோறு போட்டுக்கொண்டே கேட்பாள். "அதே கட்சிதான், பேருதான் மாறிச்சு" என்பாய். ஒரே ஒரு முறை ஒன்றியக் கவுன்சிலர் ஆனாய். சட்டமன்றத்துக்கு இரண்டு தடவை நின்று இரண்டு தடவையும் டெபாசிட்டை விட்டாய். எமர்ஜென்சியில் உள்ளே போய்விட்டு, தாடியோடு திரும்பி வந்தாய். அந்தத் தாடியைப் பார்த்து நான் அழுதேன் என்று அம்மா சொல்வாள், எனக்கு நினைவில்லை.

எனக்கு நினைவிருப்பது பொன்னேரி பஸ் ஸ்டாண்டு. ஒவ்வொரு வருடமும் ஹிரோஷிமா நாளில் 'போர் வேண்டாம்' என்று எழுதிய துணியின் ஒரு முனையை நீ பிடிப்பாய், மறுமுனையை நான் பிடிப்பேன். அங்கிருந்து ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடை. ஆகஸ்ட் மாத வெயில் மண்டையைப் பிளக்கும். என் பள்ளிக்கூடத்துப் பெண்கள் பார்த்துவிடக் கூடாதே என்று துணிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நடப்பேன். "ஊர்வலம்னா ரெண்டே பேரா நைனா?" என்று கேட்டேன். "ஒருத்தன் போனாத்தான் நடை. ரெண்டு பேரு போனா ஊர்வலம்" என்றாய்.

எல்லையில் சண்டை வந்த வருடம், அந்த 'போர் வேண்டாம்' துணியோடு நின்ற உன் சட்டையில் வெற்றிலை எச்சில் துப்பினார்கள். நீ குழாயடியில் சட்டையைக் கழற்றி அலசிப் பிழிந்து, ஈரத்தோடு போட்டுக்கொண்டு மறுபடியும் போய் நின்றாய். கடலுக்கு அந்தப் பக்கம் நம் சனம் செத்துக்கொண்டிருந்தபோது ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு அழுதாய். பக்கத்து ஏவுதளத்தில் ராக்கெட் விடுகிற நாட்களில் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும் இல்லையா, மற்றவர்கள் எல்லாம் திட்டிக்கொண்டே படுத்திருப்பார்கள், நீ கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பாய். "மேல போவட்டும், நல்லதுதான். அந்த நெருப்பு எந்த ஊரு மேலயும் வுழாம இருந்தா சரி" என்பாய்.

உனக்கு நாக்கு மட்டும் நேரம் காலம் பார்க்காது. ஏகாம்பரம் மாமாவின் மூத்த மகன் ராணுவத்தில் இருந்து பெட்டியில் வந்த அன்று நீ பேசியதைத்தான் சொல்கிறேன். கொடி போர்த்தி வைத்திருக்கிறார்கள், ஊரே தெருவில் நிற்கிறது. மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "உன் புள்ள வீரன்தான் ஏகாம்பரம். ஆனா எதிர்ல செத்தவனுக்கும் ஒரு நைனா இருப்பான் பாரு." மாமா உன் கையைத் தட்டிவிட்டு, "எழுந்து வெளிய போடா" என்று கத்தினார். உங்கள் சிநேகம் அன்றைக்கு முறிந்ததுதான். பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு இத்தனை வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நீ சொன்னது சரி நைனா. சொன்ன நாள் தப்பு. இதை நீ இருக்கும்போதே உன்னிடம் நான் சொல்லியிருக்க வேண்டும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கடைசி வாரத்தில் உனக்குப் பாதி தெரியும், பாதி தெரியாது.

ஏரியில் எந்த ஊர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதற்கு நம்மிடம் ஒரு முறை இருக்கிறது, பாடு என்போம். யார் எழுதி வைத்தார்கள் என்று தெரியாது, ஆனால் அதை மீறிப் பிழைத்தவன் இல்லை. இந்த வருடம் முகத்துவாரம் மணல் மூடி, இறால் விழும் இடம் சுருங்கிவிட்டது. இருந்த ஒரு நல்ல இடத்தில் யார் பாடு என்று நமக்கும் எதிர்க்கரைக்கும் தகராறு. அந்த ஊரின் பெயரையும் நம் ஊரின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை, இரண்டு பக்கமும் இதைப் படிப்பார்கள். முதலில் நம் வலைகளை அறுத்தார்கள். நம் பையன்கள் போய் அவர்களில் ஒருவனின் கையை முறித்தார்கள். அவர்கள் நம் படகு ஒன்றை இழுத்துக்கொண்டு போனார்கள். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஊர்க்கூட்டம் போட்டு, வியாழக்கிழமை விடிய எல்லாப் படகும் ஒன்றாக இறங்குவது என்று முடிவு செய்தார்கள். வலை எடுத்துக்கொண்டு அல்ல. கழியும் கத்தியும்தான். கூட்டத்துக்குத் தலைவர் ஏகாம்பரம் மாமா. முதல் படகில் நிற்கப்போகிறவன் அவருடைய மிச்சமிருக்கும் ஒரே மகன் தினகரன்.

இது உனக்குத் தெரியும். படுக்கையில் இருந்தே கேட்டாய். மாமாவுக்கு ஆள் அனுப்பினாய், அவர் வரவில்லை. "என்னை நாற்காலியோட தூக்கினு போயி மொதப் படகு முன்னாடி கட்டு. என்னைத் தாண்டிப் போவட்டும் பாக்கலாம்" என்றாய். உனக்குக் காய்ச்சல், மூச்சு இரைக்கிறது. நான் நர்சு, எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். "கம்முனு படு நைனா, எப்பப் பாத்தாலும் இதே பேஜாரு" என்று அதட்டிவிட்டேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் உன்னிடம் கடைசியாகக் கோபத்தோடு பேசியது அதுதான். மறுநாள் காலை இரண்டு வாய் கஞ்சி குடித்தாய், போதும் என்று கையைக் காட்டினாய், அப்புறம் இல்லை.

நீ எழுதிக் கொடுத்தது என் பீரோவில் இருந்தது. கண் முதலில். உடம்பு அன்றைக்கே மருத்துவக் கல்லூரிக்கு. சங்கு, பறை, பட்டாசு எதுவும் கூடாது. கடைசியாக, அடிக்கோடு போட்டு: என் சாவுக்காக எந்தப் படகும் நிற்கக் கூடாது. ஊரில் ஒரு சாவு விழுந்தால் சவம் எடுக்கும் வரை யாரும் படகைத் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். காலங்காலமாக நம் வழக்கம் அது. உனக்கு அது பிடிக்காது. "செத்தவனுக்காக இருக்கிறவன் பட்டினி கெடக்கணுமா?" என்று எத்தனை கூட்டத்தில் சண்டை போட்டிருக்கிறாய்!

கண்ணைக் கொடுத்துவிட்டேன், அதில் தவறவில்லை. மதியத்துக்குள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். நாலு மணிக்குக் கல்லூரி வண்டி வந்து வாசலில் நின்றது. ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். அப்போது தெருவில் இரண்டு பையன்கள் பேசிக்கொண்டு போனது என் காதில் விழுந்தது. "இன்னிக்கே எடுத்துர்றாங்களாம்டா. அப்ப காலைல எறங்கறதுல மாத்தம் இல்ல."

நைனா, எனக்கு அந்த நிமிடம் வரைக்கும் அது தோன்றவே இல்லை. நீ வீட்டை விட்டுப் போனால் விடியற்காலையில் படகு இறங்கும். நீ வீட்டில் கிடந்தால் இறங்காது. உன் எழுத்தைக் கேட்பதா, உன்னைக் கேட்பதா? யாரிடம் போய்க் கேட்பேன்? கேட்க வேண்டிய ஆள் பெஞ்சில் கண்ணில் பஞ்சு வைத்துப் படுத்திருக்கிறாய்.

வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். "தம்பி மஸ்கட்லர்ந்து வர்றான், அவன் மூஞ்சி பாத்துட்டுத்தான் எடுக்கணும்" என்றேன். "ரொம்ப லேட் ஆச்சுன்னா காலேஜில எடுக்க மாட்டாங்கமா" என்றார் டிரைவர். எனக்கா தெரியாது? தலையை ஆட்டினேன். தம்பி சேகர் அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் போனில் அழுதிருந்தான், லீவு இல்லை, வர முடியாது என்று. வாழ்நாளில் பொய் சொல்லாத மனுஷன் நீ. பொய் சொல்லத் தெரியாததால்தான் டெபாசிட் போயிற்று என்று அம்மா சொல்வாள். உன் தலைமாட்டில் நின்றுகொண்டு ஊரையே ஏமாற்றினேன்.

பொன்னேரியில் இருந்து ஐஸ் பெட்டி வந்தது. மகன் வரும் வரை காத்திருப்பதை யாரும் தப்பாகச் சொல்ல மாட்டார்கள், அதுவும் வழக்கம்தான். வியாழக்கிழமை விடிந்தது, ஒரு படகும் இறங்கவில்லை. பையன்கள் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். தினகரன் மட்டும் நடந்துகொண்டே இருந்தான். மதியத்துக்கு மேல் முணுமுணுப்பு ஆரம்பித்தது. எந்த பிளேன், எத்தனை மணிக்கு என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயந்திரம் ஏகாம்பரம் மாமா வந்தார். உன் வீட்டு வாசலை அவர் மிதித்து எத்தனை வருடம்! உன்னைப் பார்க்காமல் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, "இன்னாமா, எப்பத்தான் எடுக்கறது?" என்றார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அவர் பக்கத்தில்தான் சார்ஜ் போட்டிருந்தேன். நான் எழுவதற்குள் அவர் எடுத்து அழுத்திவிட்டார், அது ஸ்பீக்கரில் சத்தமாகப் பேச ஆரம்பித்தது.

"அக்கா, நேத்தே சொன்னேனே, என்னால வர முடியாதுன்னு. நைனாவ எடுத்துட்டீங்களா அக்கா?"

சேகர் குரல். மாமா என்னைப் பார்த்தார். அவர் எழுந்து வெளியே போய், "எல்லாம் பொய்யுடா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீ ராத்திரிக்குள் சுடுகாடு போயிருப்பாய், வெள்ளிக்கிழமை விடிய ஏரியில் ரத்தம் விழுந்திருக்கும்.

மாமா போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், "இன்னும் எடுக்கல தம்பி. நீ அழாத" என்றார். அணைத்து என் கையில் கொடுத்தார். வாசலில் தினகரனும் நாலைந்து பையன்களும் நின்றிருந்தார்கள். "இன்னா நைனா, இன்னா சொல்றான்?" என்று கேட்டான் தினகரன். மாமா மகனைப் பார்த்துச் சொன்னார்:

"பிளேனு லேட்டாம். நாளைக்குத்தான் வருவானாம். அதுவரைக்கும் எவனும் கரையத் தாண்டக் கூடாது. போங்க."

அவர்கள் போன பிறகு மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஒரு புள்ளைய பொட்டியில வாங்கினேன்மா. இன்னொண்ண வாங்க எனக்குத் தெம்பு இல்ல. தலைவன்னு ஒக்காந்துக்கினு வேணாம்னு சொன்னா கோழைம்பானுங்க. எங்க போயி சொல்லுவேன்?" அப்புறம் பெட்டிக் கண்ணாடியைத் துண்டால் துடைத்து, முதல் தடவையாக உன்னைப் பார்த்தார். "வேதகிரி, உசுரோட இருந்தப்ப உன் பேச்ச எவன்டா கேட்டான்? இப்ப கம்முனு கெடக்கற, ஊரே கேக்குது." சிரித்தார், சிரிப்பு அழுகையாகிவிட்டது. நானும் அழுதேன். நீ செத்ததற்கு நான் முதல் முதலாக அழுதது அப்போதுதான், அதுவரை பொய்யைக் காப்பாற்றுவதற்கே நேரம் சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் எதிர்க்கரையில் இருந்து உன் பழைய தோழர் தேசப்பன் வந்தார். அவர்தான் இப்போது அந்த ஊருக்குத் தலைவர். படகில் வர முடியாது என்று ஏரியைச் சுற்றிக்கொண்டு வேனில் முப்பது பேரோடு, மாலையும் புதுத் துணியும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நம் பையன்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். வந்தவர்களில் கையில் மாவுக்கட்டுப் போட்ட பையனும் இருந்தான். ஏகாம்பரம் மாமா எழுந்து போய் தேசப்பன் கையைப் பிடித்து, "வாங்க, வந்து பாருங்க" என்றார். அவ்வளவுதான். சாவு வீட்டில் மற்றவன் என்ன பேசிவிட முடியும்?

உன் பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து மதியம் வரை பேசினார்கள். பொன்னேரியில் அதிகாரிகள் முன்னால் பேசி முடிக்கும் வரை அந்த இடத்தில் இரண்டு ஊரும் வலை போடுவதில்லை, இழுத்துப் போன படகைத் திருப்பித் தருவது. இதற்குத்தான் அத்தனை நேரம். நடுவில் குரல் ஏறும். ஏறும்போதெல்லாம் யாராவது ஒருவர் உன்னைக் காட்டி, "மெதுவா பேசு" என்பார்.

கல்லூரிக்குப் போன் செய்தேன். இனி எடுக்க முடியாது என்றார்கள். தெரிந்ததுதான், ஆனாலும் போனை வைத்துவிட்டு உன் காலைத் தொட்டுக்கொண்டு நின்றேன். சாயந்திரம் நீ வேண்டாம் என்றது எல்லாம் நடந்தது. சங்கு ஊதினார்கள், பறை அடித்தார்கள், தெருவெல்லாம் பட்டாசுக் காகிதம். இரண்டு ஊர்க்காரர்களும் தோள் மாற்றித் தூக்கினார்கள். மகன் எங்கே என்று வெட்டியான் கேட்டபோது, "வண்டி கெடைக்கலயாம், குடு" என்று கொள்ளிச் சட்டியை மாமாவே வாங்கிக்கொண்டார். அது வரைக்கும் எங்கள் பொய்யை அவர் விடவில்லை.

இப்போதைய சேதியும் சொல்ல வேண்டும். பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை. நாலு தடவை பொன்னேரி போய் வந்தார்கள். முகத்துவாரத்தில் மணல் எடுக்க ஒரு மிஷின் வந்தது, கொஞ்ச நாளில் நின்றுபோயிற்று. போன வாரம் யாரோ யார் படகு மேலேயோ கல் எறிந்தார்கள், நல்லவேளை கல்லோடு போயிற்று. டிவியில் தினமும் ஏதோ ஒரு நாட்டின் மேல் ஏதோ ஒரு நாடு குண்டு போடுகிறது. நம் பையன்கள் டீக்கடையில் அதைக் கிரிக்கெட் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள். நீ இருந்தால் எழுந்து போய் நிறுத்திவிட்டு அடி வாங்குவாய். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன். எனக்கு உன் தைரியம் இல்லை நைனா, அது உனக்கே தெரியும்.

கையில் கட்டுப் போட்டிருந்த பையன் எங்கள் சுகாதார நிலையத்துக்குத்தான் வந்தான். எலும்பு கூடிவிட்டது, விரலை மடக்கி நீட்டிக் காட்டினான். தினகரனுக்கு ஆவணியில் கல்யாணம். மாமா பத்திரிகை வைக்க வந்தபோது உன் போட்டோ முன்னால் முதல் பத்திரிகையை வைத்துவிட்டுத்தான் எனக்குக் கொடுத்தார்.

ஆனாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. உன் உடம்பைப் பார்த்து எத்தனை பிள்ளைகள் வைத்தியம் கற்றிருப்பார்கள்! அதை நீ எத்தனை ஆசையாக எழுதினாய்! "செத்த பெறகாவது ஒரு காலேஜுக்குப் போறேன், உசுரோட இருந்தப்ப எவன் சேத்துக்கினான்?" என்று சிரித்தாயே. அந்த ஆசையை நான் எரித்துவிட்டேன். பொய்யில் கிடைத்த சமாதானம் எத்தனை நாள் நிற்கும் என்று நீ கேட்பாய். தெரியாது. மூன்று நாள் நின்றது, அப்புறம் நாலு மாதம். நீ மன்னித்தாயா, இல்லை இன்னும் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்திருக்கிறாயா?

போன திங்கட்கிழமை அதே கல்லூரிக்குப் போய் என் உடம்பை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நீ போக முடியாத இடத்துக்கு நான் போவேன், இது உனக்கு நான் செய்யும் சத்தியம். சங்கு வேண்டாம், பறை வேண்டாம், எனக்காக எந்தப் படகும் நிற்க வேண்டாம் என்று உன் வார்த்தையையே எழுதினேன். கையெழுத்துப் போடப் போன பேனாவை நிறுத்தி, கீழே ஒரு வரி சேர்த்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லூரி அலுவலர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "இதெல்லாம் படிவத்துல எழுதக் கூடாதுமா" என்றார். "இருக்கட்டும், அடிக்காதீங்க" என்றேன்.

'அன்றைக்கு எங்கள் ஊரில் சண்டை இருந்தால், முடியும் வரை வண்டியை வெளியே நிற்கச் சொல்லவும்.'

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்காத உன் மகள்,
வசந்தி